ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று

இல்-பிசார்
16 பெப்ரவரி 2008

நகுலேசண்ணைக்கு,

என் கையெழுத்தை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். யோகேந்திரனின் மனைவி புஷ்பவதி எழுதுகிறேன். உங்களுக்கு வலது காது கேட்பதில்லை, இடது காதும் இரைந்துகொண்டே இருக்கிறது, தொலைபேசி எடுப்பதில்லை என்று உங்கள் மனைவி சிவநேசமக்கா முருகன் கோயிலில் வைத்துச் சொன்னா. அதனால்தான் கடிதம். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் காரில் கால் மணி நேரம். அதற்கு முத்திரை ஒட்டுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இவர் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நவம்பர் ஒன்பதாம் தேதி காலை, வேலைக்குப் போகப் படியில் இருந்து சப்பாத்துப் போட்டவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நீங்கள் செத்தவீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்க இதை எழுதவில்லை. வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று எனக்கு ஒழுங்காக நினைவும் இல்லை. மூன்று மாதமாக எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் இருக்கிறது. அழுகையும் வரவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. பேஸ்மென்டில் இவருடைய இரும்பு அலுமாரி ஒன்று இருக்கிறதல்லவா, நீங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் துவக்கு ரவை செய்கிற சாமான்கள் வைத்தது. உங்களுக்கு அந்த விபத்து நடந்த அடுத்த நாள் இவர் அதைப் பூட்டினார். திறப்பை என்ன செய்தாரோ தெரியாது. போன கிழமை எங்கள் மகள் தனுஷிகா ஆளைக் கூட்டி வந்து திறப்பித்தாள். உள்ளே இவர் கையால் செய்த ரவைகள் மூன்று பெட்டி இருக்கின்றன. பெட்டிக்கு ஐம்பது. எல்லாம் அந்தப் பெரிய நாற்பத்திநாலு ரிவோல்வருக்கு உரியவை.

தனுஷிகா லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். ரிவோல்வர் இப்போது அவள் பெயரில். மே மாதம் பதினெட்டாம் தேதி இவருடைய பிறந்தநாள். அன்றைக்குச் சூட்டுப் பயிற்சிக் கழகத்துக்குப் போய், அப்பா செய்த ரவைகளை அப்பாவின் துவக்கில் சுடப்போகிறாளாம். மற்றப் பிள்ளைகள் அன்னதானம் கொடுப்பார்கள், என்னுடையது இப்படி. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மட்டக்களப்பை விட்டு ஓடிவந்தவள் நான். என் வீட்டிலேயே சுடுகிறவர்கள் இரண்டு பேர்.

அந்த ரவைகள் சுடலாமா, சுடக்கூடாதா? இதைக் கேட்க உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

புஷ்பவதி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
27 பெப்ரவரி 2008

புஷ்பவதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுடக்கூடாது. ஒன்றுகூடச் சுடக்கூடாது. மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மகளிடம் சொல்லுங்கள்.

காரணம் எழுதுகிறேன், அவள் கேட்பாள். ஒருவர் கையால் செய்த ரவையை இன்னொருவர் சுடுவதில்லை. இது எல்லாக் கழகத்திலும் உள்ள வழக்கம். நானும் யோகனும் பதினொரு வருடப் பழக்கத்தில் அந்த வழக்கத்தை மறந்தோம். அதன் விலை என் வலது கையில் இருக்கிறது.

இந்த வேலையில் எங்களுக்குள் நீண்டநாள் வாக்குவாதம் ஒன்று இருந்தது. நாற்பத்திநாலு ரவையின் பித்தளைக் கோது நீளமானது, உள்ளே இடம் அதிகம். அதற்கு இரண்டு விதமாக வெடிமருந்து தெரிவு செய்யலாம். ஒன்று, வேகமாக எரிகிற மருந்து. சிறிதளவு போதும், கோதின் அடியில் கிடக்கும். சுடும்போது உதை மெல்லியதாக இருக்கும், கை நோகாது. மற்றது, பருமனான மருந்து. அதே மெல்லிய உதைக்குக் கோதில் பாதிக்கு மேல் நிரம்பும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொன்னேன். ஏனென்றால் தவறுதலாக இரண்டு தரம் போட்டால் அது வெளியே வழிந்து கொட்டும், கண்ணில்லாதவனுக்கும் தெரியும். முதலாவதில் இரண்டு தரம் போட்டாலும் உள்ளே பேசாமல் கிடக்கும். யோகன் கேட்கவில்லை. "நான் ஒவ்வொண்டாய் டோர்ச் அடிச்சுப் பாக்கிறன்தானே, மச்சான்" என்பான். கைநூலில் குறைந்த அளவாகப் போட்டிருப்பதையும் தாண்டாமல்தான் செய்தான். அளவில் பிழையில்லை. தெரிவில் பிழை.

2005 ஒக்டோபர் முதலாம் தேதி, அவன் தந்த பெட்டியைத் திறந்து என் ரிவோல்வரில் போட்டுச் சுட்டேன். முதல் வெடியிலேயே உருளை வெடித்துப் பிளந்தது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது. காதின் கதை உங்களுக்குத் தெரியும். இரட்டை மருந்து என்று கழகத்தில் எல்லாரும் சொன்னார்கள். யோகனும் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஓம், நான்தான். என்ர பிழை." அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு நான் வராததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. உடுப்பு மாற்றினேன். பிறகு வரவில்லை.

பெட்டிகளை மகளிடம் கொடுத்துவிடுங்கள். நான் வேலை முடிந்து வரும் வழியில் கர்க்லாண்டில் அவளைச் சந்தித்து வாங்கிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் கழற்றி, மருந்தை நிறுத்துப் பார்த்து, அழித்துவிடுவேன்.

இ. நகுலேஸ்வரன்


இல்-பிசார்
9 மார்ச் 2008

நகுலேசண்ணைக்கு,

பெட்டிகள் உங்களிடம் வந்திருக்கும். தனுஷிகா முகத்தை எப்படி வைத்துக்கொண்டு தந்தாள் என்று எனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். "அப்பா செய்ததை உடைக்கிறதுக்கு, அப்பாவை உடைச்ச ஆளிட்டயே குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். பாதித் தமிழ், பாதிப் பிரெஞ்சு. கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வரும். முதல் நாள் பெய்த பனியில் வாசல் மூடிக் கிடந்தது, நான் வெளியே போய் அதை அள்ளிக்கொண்டு நின்றேன்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது அண்ணை. உங்கள் விரலுக்கு நாங்கள் என்ன சொன்னாலும் ஈடாகாது. ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரியில், இவரோடு வேலை செய்த இரண்டு பேர் நிற்க, "உனக்கு மூளை கலங்கிப்போச்சு, உன்னைக் கொண்டுபோய் ஒரு இடத்தில சேர்க்கவேணும்" என்று கத்தினீர்கள். காது கேட்காததால் அவ்வளவு சத்தமாகச் சொன்னது உங்களுக்கே தெரிந்திராது. அந்தக் கதை இவர் வேலை செய்த மருந்துக் கம்பனிக் களஞ்சியம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு இவர் ஒரு சாமானை மறந்து வைத்தால்கூட ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கழகத்துக்குப் போகவில்லை. கோயிலுக்கும் குறைத்துக்கொண்டார். கேட்டால் சிரிப்பார். எனக்கு உங்களில் கோபம் இருக்கிறது. இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் உறைக்கவில்லை. பல்லுக்கு விறைப்பு ஊசி போட்ட மாதிரி.

ஒரு உதவி கேட்கிறேன். கழற்றிப் பார்க்கும்போது நன்றாகப் பாருங்கள். இவருக்கு உண்மையாகவே மறதி தொடங்கியிருந்ததா? கூட இருந்த நான் அதைக் கவனிக்காமல் விட்டேனா? டொக்டர் இருதயம் என்று எழுதித் தந்தார், அதோடு முடிந்தது. நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் முடியாமல் கிடக்கிறது. ஆமென்றாலும் இல்லையென்றாலும் எனக்கு எழுதுங்கள். மறைக்கவேண்டாம்.

புஷ்பவதி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
30 மார்ச் 2008

தங்கச்சி புஷ்பவதிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒன்பது விரலோடு இந்த வேலை மெதுவாகத்தான் போகிறது. சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் இருக்கிறது, அதற்குள் ரவையைப் பூட்டிக் கட்டையில் தட்டினால் முனையில் உள்ள சன்னம் கழன்று மருந்து கொட்டும். அதைத் தராசில் நிறுத்து, கொப்பியில் எழுதி, அடுத்ததைத் தட்டவேண்டும். நூற்றைம்பதையும் தட்டினேன். நான் வேலை செய்யும் பட்டறையில் விமானத்துக்கு ஆணி செய்கிறோம், அதை அளந்து பார்ப்பதுதான் இப்போது என் வேலை. அதனால் இந்தக் கணக்கில் நீங்கள் நம்பிக்கை வைக்கலாம்.

மூன்று பெட்டியிலும் யோகன் தேதி ஒட்டியிருக்கிறான். மூன்றும் 2005 செப்டம்பர் கடைசிக் கிழமை. என்னிடம் தந்த பெட்டியும் அதே கிழமை செய்ததுதான். ஆக, நாலு பெட்டி ஒரே மூச்சில் செய்திருக்கிறான்.

முதல் பெட்டியில் நாற்பத்தொன்பது ரவை சரி. ஒன்று இரட்டை. இரண்டாம் பெட்டியில் நாற்பத்தொன்பது சரி, ஒன்று இரட்டை. மூன்றாவதும் அப்படியே. மருந்து போடக் கோதுகளைத் தட்டில் அடுக்கிய ஒழுங்கிலேயே பெட்டியில் மாற்றுவது யோகனின் பழக்கம். மூன்றிலும் இரட்டை கிடந்தது ஒரே இடத்தில்: இடதுபக்க மூலை, முதலாவது. அன்றைக்கு நான் எடுத்துப் போட்டதும் மூலையில் இருந்துதான்.

இதை நான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மறதிக்காரனின் பிழை கண்டபடி சிதறிக் கிடக்கும். ஒன்று வெறுமையாக இருக்கும், ஒன்று கூட இருக்கும், எந்த இடம் என்று சொல்ல முடியாது. இது அப்படியில்லை. ஒரே பிழையை ஒரே இடத்தில் ஒவ்வொரு தட்டிலும் செய்திருக்கிறது ஒரு கை. மற்ற நாற்பத்தொன்பதும் அவ்வளவு திருத்தம், தராசு முள் அசையவில்லை. வேண்டுமென்று செய்தானோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதை நினைத்ததற்காக என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவனுடைய மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது பிழை. ஆஸ்பத்திரியில் சொன்னது, பிறகு இரண்டு வருடம் மனதில் வைத்திருந்தது, இரண்டும் பிழை. என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அவனிடம் கேட்டிருந்தால் விளங்கியிருக்கும்.

மகள் சுடுவதாக இருந்தால் அந்த ரிவோல்வருக்கு ஆறு ரவை நான் புதிதாகச் செய்து தருகிறேன். பருமனான மருந்தில், கைநூலில் குறைந்த அளவில். வேண்டாமென்றால் விடுங்கள்.

நகுலேஸ்வரன்


இல்-பிசார்
12 ஏப்ரல் 2008

நகுலேசண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழிக்கமுன் தபாலில் போடவேண்டும்.

அந்தக் கை என்னுடையது.

இவருக்குச் சீனி வியாதி கண்ணுக்கு ஏறியிருந்தது. 2005 தொடக்கத்திலேயே கிட்டப் பார்வை போய்விட்டது. தூரத்தில் உருவம் தெரியும், கையில் இருப்பது தெரியாது. களஞ்சியத்தில் பெட்டி லேபிள் வாசிப்பதுதான் இவருடைய வேலை. தெரிந்தால் வேலை போகும் என்று யாருக்கும் சொல்லவேண்டாம் என்றார். லேபிள்களின் நிறத்தை மனப்பாடம் செய்து வைத்துச் சமாளித்தார். கார் ஓட்டுவதை விட்டார். மணிக்கட்டு நோகிறது என்று உங்களிடம் சொல்லிச் சுடாமல் நின்றதும் கண்தான், மணிக்கட்டில்லை. ஆனால் உங்கள் சனிக்கிழமையை மட்டும் விட மனம் வரவில்லை. "நகுலேசுக்கு நான்தான் செய்து குடுக்கிறது, நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பான்" என்றார்.

அதனால் செப்டம்பரில் நான் இறங்கினேன். கோதுகளை இவர் கைதடவித் தட்டில் அடுக்குவார். மருந்தை நான் போட்டேன், அந்தச் சின்னப் பித்தளைக் கரண்டியால், ஒரு கோதுக்கு ஒரு கரண்டி. இவர் அந்தப் பக்க மூலையில் இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருப்பார். நான் வாய்க்குள் எண்ணுவேன். முடிந்ததும் "அம்பதா?" என்பார். "அம்பது" என்பேன். பிறகு டோர்ச்சை அடித்துக் கோதுகளைப் பார்ப்பார். பார்ப்பது போல நிற்பார் என்பதுதான் சரி.

எங்கள் அப்பா வெல்லாவெளியில் நெல் அளந்து சாக்கில் போடும்போது முதல் மரைக்காலுக்கு எண் சொல்லமாட்டார். "லாபம்" என்று சொல்லிக் கொட்டுவார். அதற்குப் பிறகுதான் "ஒண்டு" தொடங்கும். ஒவ்வொரு சாக்கிலும் கணக்கில் இல்லாத ஒரு மரைக்கால் கிடக்கும், அது வாங்குகிறவனுக்கும் கடவுளுக்கும் என்பார். எங்கள் வீட்டில் அரிசி அளந்தாலும் மா அளந்தாலும் அப்படித்தான். நான் அதை நினைத்துச் செய்வதில்லை, கை செய்யும். மூலைக் கோதுக்குள் லாபம். பிறகு அதே மூலைக் கோதுக்குள் ஒண்டு. பக்கத்தில் ரெண்டு. ஐம்பதுக்கு வரும்போது கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். விபத்து நடந்த அடுத்த நாள் காலை இவர் என்னைக் குசினி மேசையில் இருத்தினார். முட்டை வைக்கிற தட்டையும் உப்புப் போத்தலையும் அந்தக் கரண்டியையும் கொண்டுவந்து வைத்தார். "நீ எப்பிடி அளக்கிற எண்டு ஒருக்காக் காட்டு புள்ள. சத்தமா எண்ணிக் காட்டு" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். உங்கள் கையை நினைத்து இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்தவர், கொஞ்சம் சிரித்தால் நல்லது என்று நானும் செய்து காட்டினேன். லாபம். ஒண்டு. ரெண்டு. மூன்றில் என் கையைப் பிடித்தார். "சரி, விடு. தேத்தண்ணி போடு" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கீழே போய் அலுமாரியைப் பூட்டினார்.

உங்கள் கடிதத்தில் "மூலை, முதலாவது" என்று படித்தபோதுதான் அந்தக் காலை எனக்கு விளங்கியது. இரண்டரை வருடம் கழித்து. உங்கள் விரலை எடுத்தது நான். உங்கள் காதை எடுத்தது நான். இவர் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினால் அது ஏதோ விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது போல இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

புஷ்பவதி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
20 ஏப்ரல் 2008

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள். உங்களில் கோபம் வருகிறதா என்று நாலு நாளும் பார்த்தேன். வரவில்லை. சில வேளை பேந்து வரலாம். வந்தால் மறைக்காமல் எழுதுகிறேன், நீங்கள் மறைக்காத மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒன்றை நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும். நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு நாலு சனிக்கிழமை யோகன் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்றான். பஸ் வரும், ஏறமாட்டான். அடுத்த பஸ் வரும், அதிலும் ஏறமாட்டான். கார் வைத்திருக்கிறவன் ஏன் பஸ்ஸில் வருகிறான் என்று சிவநேசம் கேட்டா. அனுதாபம் தேடுகிறான் என்று நான் சொன்னேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தபடிதான் சொன்னேன். ஜன்னலில் நின்றது நான் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது புரிகிறது. ஐந்தாம் சனிக்கிழமை அவன் வரவில்லை.

கதவைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்றும் இப்போது தெரியும். "நான்தான், என்ர பிழை" என்று அதே பொய்யைத்தான் திரும்பச் சொல்லியிருப்பான். அதைச் சொல்லக்கூட அவனை நான் உள்ளே விடவில்லை.

குற்றம் யாருடையது என்று பங்கு பிரிக்க எனக்கு விருப்பமில்லை. பிரித்தால் எனக்கும் ஒரு பங்கு வரும். மற்றவன் செய்த ரவையைப் பாராமல் போட்டவன் நான். பிழை நடந்தால் காட்டிக்கொடுக்காத மருந்து அது என்று தெரிந்தும் பதினொரு வருடம் வாயால் மட்டும் தடுத்தவனும் நான்தான்.

தனுஷிகாவுக்கு நீங்கள் சொல்லவேண்டும். அவன் உங்களுக்காகச் செய்ததை நீங்கள் அவளுக்குச் செய்யாதேங்கோ. தகப்பன் கவனமில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு அவள் அந்தத் துவக்கைத் தூக்கக்கூடாது.

ஆறு ரவையும் செய்து வைத்திருக்கிறேன்.

நகுலேசண்ணை


இல்-பிசார்
4 மே 2008

நகுலேசண்ணைக்கு,

தனுஷிகாவுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நகுலேஸ் மாமா அண்டைக்கு வருவாரா?" என்று கேட்டாள். பதினெட்டாம் தேதி நீங்கள் இருவரும் கழகத்துக்குப் போங்கள். உங்களுக்குக் கேட்கிற காதின் பக்கமாக நின்று கதைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் வரவில்லை. பிறகு சாப்பிட இங்கே வாருங்கள், சிவநேசமக்காவையும் கூட்டிக்கொண்டு.

இன்னொன்றும் கேட்டாள். "அதுக்குப் பிறகு அப்பா உங்களோட கோவமா இருந்தவரா அம்மா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லை. குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை. ஆனால் அந்தக் காலையிலிருந்து சாகும் நாள் வரைக்கும், இரண்டு வருடமும், இந்த வீட்டில் சோற்றுக்கு அரிசி இவர்தான் அளந்தார். கண் தெரியாததால் அளவுச் சுண்டின் விளிம்பை விரலால் தடவித் தடவி அளப்பார். நான் போனால் "நீ இரு புள்ள, நான் போடுறன்" என்று சுண்டைத் தரமாட்டார். காலம் போய் இந்த மனிதனுக்குப் பெண்சாதியில் இவ்வளவு பட்சம் வந்திருக்கிறதே என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

பட்சம்தானா அண்ணை, அல்லது நான் லாபம் என்று சொல்லி அளப்பதை இன்னொரு தரம் கேட்க இவரால் முடியாமல் இருந்ததா? தனுஷிகாவுக்குப் பட்சம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், ஆறு மாதத்தில் முதல் தடவையாக அழுதேன்.

புஷ்பவதி